பிறந்தநாள் விழாவில் மேஜிக் ஷோ: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சென்னையிலும் அக்கம்பக்கத்து ஊர்களிலும் குழந்தைகளின் பிறந்தநாள் விழாக்களில் மேஜிக் ஷோ செய்வது என் தொழில். தேதி பேச போன் செய்யும் அம்மாக்களும் அப்பாக்களும் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். போனில் அவசரமாகச் சொல்வதை இங்கே நிதானமாக எழுதியிருக்கிறேன். என்னை அழைத்தாலும் வேறொருவரை அழைத்தாலும் இது உதவும்.

எவ்வளவோ பொழுதுபோக்கு வந்துவிட்டது. மேஜிக் மட்டும் ஏன் இன்னும் குழந்தைகளுக்கு இவ்வளவு பிடிக்கிறது?

ஒரு குழந்தையின் நாளை யோசித்துப் பாருங்கள். எல்லாமே பெரியவர்களுக்குத் தெரியும், தனக்குத் தெரியாது. ஷூ லேஸ் கட்டுவது, மணி பார்ப்பது, சுவிட்ச் எட்டுவது வரைக்கும் யாரையாவது கேட்க வேண்டியிருக்கிறது. மேஜிக் ஷோ நடக்கும் அரை மணி நேரத்தில் இந்தக் கணக்கு மாறிவிடுகிறது. பந்து எங்கே போனதென்று அப்பாவுக்கும் தெரியவில்லை, தாத்தாவுக்கும் தெரியவில்லை, எல்லாம் தெரிந்த பக்கத்து வீட்டு அண்ணனுக்கும் தெரியவில்லை. அத்தனை பேரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து முழிக்கிறார்கள். குழந்தைக்கு அது பெரிய ஆறுதல்.

இதற்கு மேலும் ஒன்று உண்டு. குழந்தைகளுக்கான மேஜிக்கில், மேஜிக்காரர் பாதி நேரம் எதுவும் தெரியாதவராகத்தான் நிற்பார். அவர் கையில் கோல் ஒழுங்காக நிற்கும்; குழந்தையிடம் கொடுத்ததும் தொளதொளவென்று உடைந்து தொங்கும். காணாமல் போன கைக்குட்டையை அவர் மேசை, பெட்டி, சட்டைப்பை என்று தேடிக்கொண்டிருப்பார். அது அவர் முதுகில் தொங்கிக்கொண்டிருக்கும். "அங்கிள், பின்னாடி! பின்னாடி!" என்று ஹாலே கத்தும். அவர் திரும்புவார், கைக்குட்டையும் சேர்ந்து திரும்பும். அந்த நிமிடத்தில் அங்கிருக்கிற குழந்தைகள் எல்லோருக்கும் உண்மை தெரியும், கோட்டு போட்ட அந்தப் பெரிய மனிதருக்கு மட்டும் தெரியாது. இந்தச் சந்தோஷத்தை வேறெந்தப் பொழுதுபோக்கும் இந்த அளவுக்குக் கொடுத்து நான் பார்த்ததில்லை. நல்ல குழந்தைகள் மேஜிக்காரர் என்று நான் யாரைச் சொல்வேன் என்றால், குழந்தைகளை ஜெயிக்க விடுகிறவரைத்தான். கீழே வரும் பதில்கள் பலவும் இதிலிருந்து வருபவை.

அறிவியலும் கொஞ்சம் சொல்கிறது. 2015இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எய்மி ஸ்டால், லிசா ஃபைகன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 11 மாதக் குழந்தைகளுக்குச் சின்னச் சின்ன வித்தைகளைக் காட்டினார்கள். பந்து சுவரை ஊடுருவிப் போவதுபோல ஒன்று, பொருள் கீழே விழாமல் அந்தரத்தில் நிற்பதுபோல ஒன்று. பிறகு அந்தப் பொருள்களைக் கையில் கொடுத்தபோது, சுவரை ஊடுருவியதைப் பார்த்த குழந்தைகள் அதைத் தட்டித் தட்டிப் பார்த்தன. அந்தரத்தில் நின்றதைப் பார்த்தவை கீழே போட்டுப் பார்த்தன. நடக்கக் கூடாதது ஒன்று நடந்தால் அதைச் சோதித்துப் பார்க்கும் ஆசை பேச்சு வருவதற்கு முன்னாலேயே வந்துவிடுகிறது. மேஜிக் தொடுவது அந்த ஆசையைத்தான்.

எந்நேரமும் செல்போனில் என்னென்னவோ பார்க்கும் குழந்தைகள் ஒரு கைக்குட்டை மறைவதைப் பார்த்தா வியக்கப்போகிறார்கள்?

வியக்கிறார்கள். திரையில் டைனோசர் நடந்தாலும் அது கிராஃபிக்ஸ் என்று அவர்களுக்குத் தெரியும். தன் உள்ளங்கையில், தானே இறுக்கி மூடிய விரல்களுக்குள், ஒரு ஸ்பாஞ்ச் பந்து இரண்டாக மாறும்போது அந்த விளக்கம் உதவாது. வாரம் முழுக்க கேம் விளையாடும் பையன்கூடத் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். முன்பைவிட இப்போதைய குழந்தைகள் "இது எடிட்டிங் இல்லையே?" என்ற கேள்வியோடு வருவதால், நேரில் நடப்பதன் மதிப்பு கூடியிருப்பதாகவே நான் நினைக்கிறேன்.

எந்த வயதிலிருந்து மேஜிக் ஷோ சரிப்படும்? முதல் பிறந்தநாளுக்கு வைக்கலாமா?

முதல் பிறந்தநாள் நம் ஊரில் பெரிய விழா. காலையில் ஆயுஷ் ஹோமம் அல்லது கோயில், காதுகுத்து, மாலையில் ஹாலில் கேக். மாலை ஏழு மணிக்கு விழா நாயகன் தூக்கக் கலக்கத்தில் அம்மா தோளில் இருப்பான். அவனுக்காக மேஜிக் வேண்டியதில்லை. ஆனால் வரும் விருந்தினர்களின் குழந்தைகள் ஐந்து வயதிலிருந்து பத்து வயது வரை இருப்பார்களே, அவர்களுக்காக வைக்கலாம். "குழந்தைக்கு ஒன்றும் புரியவில்லையே" என்ற வருத்தம் மட்டும் வேண்டாம்.

மூன்று வயது வரை மறைந்து தோன்றுவதெல்லாம் சாதாரணம். அந்த வயதில் உலகமே அப்படித்தான் இருக்கிறது. அவர்களுக்கு நிறம், சோப்புக் குமிழி, பாட்டு, கைப்பொம்மை போதும். பத்து நிமிடம் போதும்.

நான்கு வயதில் கதவு திறக்கிறது. 1994இல் கார்ல் ரோசன்கிரென், ஆன் ஹிக்லிங் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு ஒன்று, எங்கள் தொழிலில் எல்லோரும் அன்றாடம் பார்ப்பதை உறுதி செய்தது. ஒரே வித்தையைக் காட்டிக் கேட்டால் நான்கு வயதுக் குழந்தைகள் பலர் "மந்திரம்" என்றார்கள். ஐந்து வயதுக் குழந்தைகள் "ஏதோ தந்திரம்" என்றார்கள். ஒரே வருடத்தில் இந்த மாற்றம். ஐந்திலிருந்து எட்டு வரைதான் பொற்காலம்: தந்திரம் என்று தெரியும், எப்படி என்று தெரியாது, தெரியாதது பிடித்தும் இருக்கும்.

ஒன்பது, பத்து வயதில் துப்பறியும் புத்தி வந்துவிடும். அவர்களிடம் "அப்ரகடப்ரா, எல்லாரும் ஊதுங்க" என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். சீட்டு, ரூபாய் நோட்டு, மனதில் நினைத்ததைச் சொல்வது, இவை வேண்டும். பன்னிரண்டு தாண்டியவர்களுக்கு மேடை போட்டுச் செய்வதைவிட, அவர்கள் உட்கார்ந்திருக்கும் மேசைக்கே போய் கைக்கெட்டும் தூரத்தில் செய்வது நல்லது.

அதனால் தேதி பேசும்போதே வரும் குழந்தைகளின் வயதைச் சொல்லுங்கள். அதைக் கேட்காமல் "ஷோ ரெடி சார்" என்று சொல்பவர் எல்லா வீட்டுக்கும் ஒரே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறவராக இருக்கலாம்.

என் குழந்தை பயந்த சுபாவம். அழுதுவிட்டால்?

சில குழந்தைகள் பயப்படத்தான் செய்வார்கள். திடீர்ச் சத்தம், விளக்கை அணைப்பது, முகம் முழுக்கப் பெயின்ட், முகமூடி, இவைதான் முக்கியக் காரணங்கள். மேஜிக் காரணமாக இருப்பது குறைவு. "முகத்தில் வேஷம் வேண்டாம், வெடிச் சத்தம் வேண்டாம், லைட்டை அணைக்க வேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மேஜிக்காரர் ஷோ தொடங்குவதற்கு முன் சாதாரண முகத்தோடு குழந்தைகளிடையே வந்து பெயர் கேட்டு, பேசிவிட்டுப் போனால் பாதிப் பயம் அப்போதே போய்விடும். அழும் குழந்தையை முன்வரிசையில் பிடித்து உட்கார வைக்காதீர்கள். அம்மா மடியில், வாசலுக்குப் பக்கத்தில் இருந்து பார்க்கட்டும். இருபது நிமிடத்தில் அதுவே முன்னே நகர்ந்து வரும்.

ஆளை அறுப்பது, கழுத்தில் கத்தி இறக்குவது போன்ற பெரிய மேடை வித்தைகளைக் குழந்தைகள் விழாவில் நான் செய்வதில்லை. பெரியவர்களே அதைத் தாங்குவதில்லை என்பதற்கு ஒரு பழைய சாட்சி இருக்கிறது. 1956இல் நம் நாட்டின் பி.சி. சர்க்கார் லண்டனில் பிபிசி தொலைக்காட்சியின் நேரலையில் ஒரு பெண்ணை ரம்பத்தால் அறுக்கும் வித்தையைக் காட்டினார். அந்தப் பெண் எழுந்து நிற்பதைக் காட்டும் முன்பே நிகழ்ச்சி நேரம் முடிந்து ஒளிபரப்பு நின்றுவிட்டது. உண்மையிலேயே கொலை நடந்துவிட்டதென்று பயந்து மக்கள் போன் செய்து பிபிசியின் இணைப்புகளைத் திணற அடித்தார்கள். சர்க்காருக்கு அது பெரும் புகழைத் தந்தது. ஐந்து வயதுக் குழந்தைக்கு அது இரவுத் தூக்கத்தைக் கெடுக்கும். எதை உடைத்தாலும், கிழித்தாலும், வெட்டினாலும் அது திரும்ப முழுசாவதைக் குழந்தை தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும். கயிறாக இருந்தாலும் சரி, பிறந்தநாள் குழந்தையின் தொப்பியாக இருந்தாலும் சரி.

"எனக்குத் தெரியும்! கையில ஒளிச்சு வச்சிருக்கார்!" என்று என் பையன் கத்துவான். ஷோ கெட்டுவிடாதா?

கெடாது. அவனை அதட்ட வேண்டாம். அவன்தான் ஷோவை எல்லோரையும்விட உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருப்பவன்.

பெரியவர்கள் நான் பார்க்கும் திசையில் பார்ப்பார்கள். குழந்தைகள் தங்களுக்குப் பிடித்த திசையில் பார்ப்பார்கள். ஆகவே குழந்தைகள் முன்னால் வித்தை செய்வது எளிது என்று நினைப்பது தவறு. ஒரு விதத்தில் அதுதான் கடினம். இதற்கென்றே அமைந்த வித்தைகளும் உண்டு. ஒரு பெட்டிக்கு இரண்டு கதவு. உள்ளே பெரிய பகடைக்காய். ஒரு கதவைத் திறந்தால் காலி. "அந்தப் பக்கம் தள்ளிட்டீங்க!" என்று கத்துவார்கள். சாய்த்துவிட்டு மறு கதவைத் திறந்தால் அதுவும் காலி. "இப்ப இந்தப் பக்கம்!" ஐந்து நிமிடம் இந்தச் சண்டை நடக்கும். கடைசியில் இரண்டு கதவையும் சேர்த்துத் திறந்தால் பகடைக்காய் இருக்காது. கத்தல்தான் இந்த வித்தையின் உயிர். அமைதியான கூட்டத்தில் இது எடுபடவே எடுபடாது.

கத்துகிற பிள்ளையை மட்டம் தட்டிச் சிரிப்பு வாங்கும் மேஜிக்காரர்களும் இருக்கிறார்கள். அப்படி ஒருவரை எந்த விழாவிலாவது பார்த்தால் அவர் நம்பரை வாங்காதீர்கள்.

குழந்தைகள் விழாவில் எந்த வித்தைகள் நன்றாக எடுபடும்?

பார்த்தவுடன் புரிகிறவை. "உங்கள் சீட்டு இந்த நான்கு கட்டுகளில் எதிலும் இல்லை" என்பதெல்லாம் குழந்தைக்கு ஆகாது. காலிப் பாத்திரத்தை மூடித் திறந்தால் சாக்லேட் நிறைந்திருப்பது, வெள்ளைத் தாள் புத்தகத்தை எல்லோரும் சேர்ந்து ஊதினால் படம் வருவது, மறுபடி ஊதினால் கலர் வருவது, காதுக்குப் பின்னாலிருந்து காசு எடுத்து வாளியில் போட்டுக்கொண்டே இருப்பது, வாயிலிருந்து முடிவில்லாமல் வரும் காகித ரிப்பன், வெட்டிய கயிறு ஒட்டுவது, வளையத்துக்குள் வளையம் கோப்பது.

எனக்கு மிகவும் பிடித்தது சொம்பு வித்தை. ஷோ தொடங்கும்போது சொம்பிலுள்ள தண்ணீரை முழுசாக வாளியில் கவிழ்த்துக் காலியென்று காட்டி மேசையில் வைப்பேன். அடுத்த வித்தை முடிந்ததும் அதே சொம்பைக் கவிழ்த்தால் மறுபடி தண்ணீர். ஒவ்வொரு வித்தைக்கு நடுவிலும் இது நடக்கும். மூன்றாவது தடவையிலிருந்து நான் மறந்துபோனதுபோல இருந்துவிடுவேன், "அங்கிள், சொம்பு! சொம்பு!" என்று குழந்தைகள்தான் நினைவுபடுத்துவார்கள். நம் நாட்டு லோட்டாவை வைத்துச் செய்யும் இந்த வித்தைக்கு மேல்நாட்டு மேடைகளில் "வாட்டர் ஆஃப் இந்தியா" என்றே பெயர்.

பழமையில் இதற்கெல்லாம் அண்ணன் செப்படி வித்தை. மூன்று கிண்ணம், சில பந்து. நம் தெருக்களில் தரையில் துணி விரித்து இதைச் செய்தவர்களின் கைச்சுத்தத்துக்கு இணையான ஒன்றை நான் எந்த மேடையிலும் பார்த்ததில்லை. ரோமாபுரித் தத்துவஞானி செனகா சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கடிதத்தில் இந்த வித்தையைக் குறிப்பிடுகிறார். பக்கத்து மாநிலமான கேரளத்தில் வாழக்குன்னம் நீலகண்டன் நம்பூதிரி செப்பும் பந்தும் கொண்டே பெரும்புகழ் பெற்றார்.

மேடைக்கு அழைக்கும்போது பிறந்தநாள் குழந்தையைத்தானே அழைக்க வேண்டும்? அவள் ரொம்பக் கூச்சப்படுவாள்.

அழைப்பது வழக்கம்தான், கட்டாயம் இல்லை. புது கவுன், தலையில் கிரீடம், சுற்றிலும் வீடியோ விளக்கு, நாற்பது ஜோடிக் கண்கள். கூச்சப்படாமல் இருந்தால்தான் ஆச்சரியம். முதலில் ஒரு தோழியோடு சேர்த்து அழைக்கலாம். அதுவும் வேண்டாமென்றால் உட்கார்ந்த இடத்திலேயே கோலை அவள் கையில் கொடுத்துவிட்டு, "நீ ஆட்டினால்தான் இங்கே நடக்கும்" என்று சொல்லலாம். அவள் இடத்தைவிட்டு எழவே வேண்டாம். ஆனால் ஹாலில் நடக்கும் அத்தனைக்கும் அவள்தான் காரணமாக இருப்பாள்.

யார் மேலே வந்தாலும் கைதட்டல் அந்தக் குழந்தைக்குப் போக வேண்டும். இதில் எனக்கு வழிகாட்டி டேவிட் டெவன்ட் என்ற ஆங்கிலேயர். 1905இல் லண்டனில் தொடங்கிய மேஜிக் சர்க்கிள் சங்கத்தின் முதல் தலைவர் அவர். காலித் தொப்பியிலிருந்து முட்டை எடுப்பது அவருடைய புகழ்பெற்ற வித்தை. எடுக்கிற முட்டைகளை மேடைக்கு வந்த ஒரு சிறுவனிடம் பிடித்துக்கொள்ளக் கொடுப்பார். இரண்டு, நான்கு, ஆறு என்று ஏறும். அவன் கை நிறைந்து, நெஞ்சோடு அணைத்து, தாடையால் முட்டுக் கொடுத்து நிற்பான். அப்புறமும் முட்டை வரும். ஒன்று நழுவும், அடுத்தது நழுவும். பார்ப்பவர்கள் கண் முழுக்க அந்தச் சிறுவன் மேல்தான். உலகப்புகழ் பெற்றவர் பக்கத்தில் அமைதியாக நின்று முட்டை எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார், அவ்வளவுதான். "எல்லாம் அன்பினால் நடப்பது" என்பது அவர் மேடையில் சொல்லும் வாசகம்.

முயல், புறா கொண்டு வருவீர்களா? குழந்தைகள் ஆசைப்படுகிறார்கள்.

நான் கொண்டு வருவதில்லை. சட்டமும் இருக்கிறது. 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டமும், அதன் கீழ் 2001இல் வந்த விதிகளும், காட்சிக்குப் பயன்படுத்தும் விலங்குகளைப் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன. பச்சைக்கிளியோ பாம்போ என்றால் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமே குறுக்கே நிற்கும். அவற்றை வைத்திருப்பதே குற்றம்.

சட்டத்தை விடுங்கள். ஸ்பீக்கர் அலறும் ஹாலில், பலூன் வெடிக்கிற இடத்தில், முப்பது குழந்தைகள் மாறி மாறித் தூக்கினால் முயல் என்ன பாடுபடும்? பையிலிருந்து எட்டிப் பார்த்து மூக்கைச் சுளிக்கும் பொம்மை அணில் ஒன்று என்னிடம் இருக்கிறது. அது பொம்மை என்று எல்லாக் குழந்தைக்கும் தெரியும். இருந்தும் போகும்போது அதற்குக் கைகொடுத்துவிட்டுத்தான் போகிறார்கள்.

நெருப்பு, புகை எல்லாம் இருந்தால் வீடியோவில் நன்றாக இருக்குமே?

வீடியோவுக்காகக் குழந்தைகள் பக்கத்தில் நெருப்பு வேண்டாம். திறந்ததும் தீப்பிடிக்கும் பர்ஸ், மின்னல் போலப் பற்றி மறையும் காகிதம் எல்லாம் பெரியவர்கள் மேடைக்கு உரியவை. நைலான் கவுன், காகிதத் தோரணம், தெர்மாகோல் அலங்காரம் இருக்கும் ஹாலில் பொறி ஒன்று போதும்.

பலூனிலும் கவனம் தேவை. மேலே பறக்கும் கேஸ் பலூனில் இருப்பது ஹீலியமா ஹைட்ரஜனா என்று கேட்டுவிடுங்கள். ஹீலியம் எரியாது. ஹைட்ரஜன் மலிவு என்பதால் சிலர் அதைப் பிடித்துத் தருவார்கள். கேக் மெழுகுவர்த்தி பட்டால் அது வெடித்து எரியும்.

"ஸ்மோக் பிஸ்கட்" என்று வாயிலிருந்து புகை விடவைக்கும் ஸ்டால் பார்த்திருப்பீர்கள். அதில் ஊற்றுவது திரவ நைட்ரஜன், மைனஸ் 196 டிகிரி செல்சியஸ். 2024இல் கர்நாடகத்தின் தாவணகெரேயில் அதைச் சாப்பிட்ட ஒரு சிறுவன் வலியில் துடித்த வீடியோ பரவியதையடுத்து, தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறை எச்சரிக்கை விடுத்தது. குழந்தைகள் விழாவில் அதற்கு இடமே கொடுக்காதீர்கள்.

எவ்வளவு நேரம் வைக்கலாம்? கேக்குக்கு முன்னாலா, பின்னாலா?

நாற்பது நிமிடம் நல்ல அளவு. சின்னக் குழந்தைகள் மட்டும் என்றால் முப்பது. ஒரு மணி நேரம் கேட்பவர்களிடம், மீதி நேரத்துக்கு பலூன் பொம்மையோ விளையாட்டோ வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

கேக் வெட்டுவதற்கு முன்னால் வைப்பதே சிறந்தது. ஆறு மணி என்று அழைத்தால் ஏழு மணி வரை ஆட்கள் வந்துகொண்டிருப்பார்கள். வந்த குழந்தைகள் ஹாலில் ஓடிப்பிடித்து விளையாடத் தொடங்கும் நேரம் அது. ஷோ அவர்களைச் சேர்த்து உட்கார வைக்கும். கேக் வெட்டிவிட்டால் அடுத்தது சாப்பாடு, அதற்கடுத்தது ரிட்டர்ன் கிஃப்ட் என்று எல்லோர் மனமும் கிளம்பிவிடும். சாப்பாடு நடக்கும்போது ஷோ வேண்டவே வேண்டாம். பூரியையும் என்னையும் ஒரே நேரத்தில் வைத்தால் பூரிதான் ஜெயிக்கும், அதுவே நியாயமும்கூட.

சில ஏற்பாடுகள் சின்னதாகத் தெரிந்தாலும் ஷோவையே மாற்றும். குழந்தைகளைத் தரையில் ஜமுக்காளம் விரித்து முன்னால் உட்கார வையுங்கள்; நாற்காலி பெரியவர்களுக்கு, பின்னால். எனக்குப் பின்னால் சுவர் இருக்கட்டும், கதவோ ஜன்னலோ வேண்டாம். வீடியோக்காரர் குழந்தைகளுக்கும் எனக்கும் நடுவில் நிற்காமல் பக்கவாட்டில் நிற்கட்டும். பாப்கார்ன், பஞ்சுமிட்டாய் ஸ்டாலை அந்த நாற்பது நிமிடம் மூடி வையுங்கள். மொட்டை மாடியில் வைப்பதாக இருந்தால் காற்றை நினைத்துக்கொள்ளுங்கள்: பட்டுக் கைக்குட்டையும் காற்றும் ஒத்துப்போகாது. பின்னால் உட்காரும் பெரியவர்கள் கொஞ்சம் சத்தம் குறைத்துப் பேசினால் பேருதவி.

நல்ல மேஜிக்காரரை எப்படிக் கண்டுபிடிப்பது? கட்டணம் ஏன் ஆளுக்கு ஆள் மாறுகிறது?

வீடியோ கேட்டால் அனுப்புவார்கள். அதில் மேஜிக்காரரைப் பார்க்காதீர்கள், குழந்தைகளைப் பாருங்கள். முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார்களா, மேடைக்கு வந்த குழந்தை சிரித்துக்கொண்டே திரும்பிப் போகிறதா என்று பாருங்கள். வெட்டி ஒட்டாத ஐந்து நிமிடத் துண்டு ஒன்று, இசை போட்டு அலங்கரித்த விளம்பர வீடியோவைவிட அதிகம் சொல்லும். முன்பு அழைத்த ஒரு குடும்பத்திடம் பேசிப் பாருங்கள். ஜோக்குகள் எப்படிப்பட்டவை என்று கேளுங்கள். உடல் பருமன், நிறம், "பொண்ணு மாதிரி அழறியே" வகை ஜோக்குகள் வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொல்லுங்கள்.

கட்டணம் தூரம், நேரம், உதவியாளர், ஒலிபெருக்கி யாருடையது, ஞாயிறா வார நாளா என்பதைப் பொறுத்து மாறும். நாற்பது நிமிட ஷோவுக்குப் பின்னால் பெட்டி அடுக்குவது, பயணம், மேடை அமைப்பது என்று அரை நாள் போகிறது. பேசிய தொகை, நேரம், அட்வான்ஸ் மூன்றையும் வாட்ஸ்அப்பில் எழுத்தாக வைத்துக்கொண்டால் இரு தரப்புக்கும் நிம்மதி. தரகர் மூலம் பேசினால், வரப்போகும் ஆளின் பெயரையாவது கேட்டு வாங்குங்கள்.

மேஜிக் பார்த்தால் குழந்தைகளுக்கு மூடநம்பிக்கை வராதா?

இதைத் தாத்தாக்கள் அதிகம் கேட்பார்கள். மதிக்க வேண்டிய கேள்வி. என் அனுபவத்தில் நடப்பது நேர்மாறு. "இது தந்திரம், நான் பயிற்சி செய்து கற்றது" என்று ஷோவில் ஓரிடத்தில் வெளிப்படையாகச் சொல்லிவிடுவேன். அதைக் கேட்ட குழந்தை, பிற்காலத்தில் யாராவது வெறுங்கையில் விபூதி வரவழைத்தால் "இதுவும் கைவேலையாக இருக்குமோ" என்று யோசிக்கும்.

இதற்குப் பெரிய முன்னோடிகள் இருக்கிறார்கள். கேரளத்தில் பிறந்து இலங்கையில் வாழ்ந்த ஆபிரகாம் கோவூர், அற்புதம் செய்வதாகச் சொல்பவர்கள் மோசடிக்கு இடமில்லாத சூழலில் அதைச் செய்துகாட்டினால் ஒரு லட்ச ரூபாய் தருவதாக 1963இல் சவால் விட்டார். கோவை போத்தனூரில் வாழ்ந்து 2009இல் மறைந்த பி. பிரேமானந்த் அந்தப் பணியைத் தொடர்ந்தார். சாமியார்களின் "அற்புதங்களை" ஊர் ஊராகப் போய்ச் செய்துகாட்டி, செய்யும் முறையையும் விளக்கினார். அவர் ஆயுதமாகப் பிடித்தது மேஜிக்கைத்தான்.

"எப்படிப் பண்ணீங்க?" என்று குழந்தை கேட்டால் ரகசியத்தைச் சொல்வீர்களா?

மேடையில் செய்ததன் ரகசியத்தைச் சொல்வதில்லை. மேலே சொன்ன செனகாவே அந்தக் கடிதத்தில், கிண்ண வித்தை எப்படி நடக்கிறதென்று காட்டிவிட்டால் தனக்கு அதில் ஆர்வம் போய்விடும் என்கிறார். ஏமாறுவதில்தான் அங்கே இன்பம்.

ஆனால் குழந்தையை வெறுங்கையோடு அனுப்புவதும் எனக்குப் பிடிக்காது. கடைசி ஐந்து நிமிடத்தில் எல்லோருக்கும் ஒரு சின்ன வித்தையைக் கற்றுக்கொடுப்பேன். ரிட்டர்ன் கிஃப்டாக ரப்பர் பேண்டும் ஒரு துண்டுக் கயிறும் போட்ட சிறு உறை கொடுத்தால் போதும், பென்சில் பாக்ஸைவிட அதிக நாள் நினைவிலிருக்கும்.

ஆட்டிசம் உள்ள குழந்தையும் விருந்தினர்களில் இருக்கிறான். ஏதாவது மாற்ற வேண்டுமா?

முன்பே சொல்லுங்கள், அது போதும். மைக் சத்தத்தைக் குறைப்பேன், பலூன் உடைக்கும் வித்தையை விடுவேன், அடுத்து என்ன வரும் என்பதைச் சொல்லிவிட்டுச் செய்வேன். அவன் எழுந்து நடந்தால் நடக்கட்டும், மேசைப் பக்கம் வந்து பொருளைத் தொட்டுப் பார்த்தால் பார்க்கட்டும். இந்தக் குழந்தைகளால் மேஜிக்கைப் பார்க்க மட்டுமல்ல, செய்யவும் முடியும். திருவனந்தபுரத்தில் மேஜிக்காரர் கோபிநாத் முதுகாடு நடத்தும் மையத்தில் மாற்றுத்திறன் பிள்ளைகள் மேடையேறி மேஜிக் செய்கிறார்கள். லண்டனில் ஒரு பக்கக் கை பலவீனமாக உள்ள குழந்தைகளுக்கு, இரண்டு கைகளையும் சேர்த்துப் பயன்படுத்தும் சிகிச்சையாகவே மேஜிக் கற்றுத் தருகிறார்கள்.

செலவு செய்ய முடியாத நிலை. நானே என் மகளுக்குச் செய்துகாட்டலாமா?

தாராளமாகச் செய்யுங்கள். நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் அதைத்தான் செய்தார். தன் மகன் பிறந்தநாளுக்கு வீட்டில் அவரே மேஜிக்காரர். 1843 டிசம்பரில் நண்பரும் நடிகருமான மெக்ரெடி அமெரிக்காவில் இருந்த சமயம், அவர் மகள் பிறந்தநாள் வந்தது. அப்பா ஊரில் இல்லாத அந்த வீட்டுக்கு டிக்கன்ஸ் போய் ஒரு மணி நேரம் வித்தை காட்டினார். பச்சை முட்டையையும் மாவையும் ஒருவருடைய தொப்பியில் கொட்டி, ஆவி பறக்கும் புட்டிங்காக எடுத்தார். தவிடு இருந்த பெட்டியிலிருந்து கினிப் பன்றியை வரவழைத்தார். விருந்துக்கு வந்திருந்த, எழுத்தாளர் தாமஸ் கார்லைலின் மனைவி ஜேன் கார்லைல், காசு கொடுத்துப் பார்த்த மேஜிக்காரர்களைவிட இவர் சிறப்பாகச் செய்தார் என்று கடிதம் எழுதியிருக்கிறார்.

நீங்கள் ரப்பர் பேண்டில் தொடங்கலாம். உள்ளங்கை உங்களைப் பார்த்திருக்க, ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டிலும் அடியில் ரப்பர் பேண்டை மாட்டுங்கள். மறு கையால் அதை உங்கள் பக்கம் இழுத்து, நான்கு விரல்களையும் மடக்கி, நான்கின் நுனியும் அதற்குள் இருக்கும்படி விட்டுவிடுங்கள். குழந்தைக்குக் கையின் பின்பக்கம் மட்டும் தெரியட்டும். அங்கே அது இரண்டு விரலில்தான் இருக்கும். குழந்தையை ஊதச் சொல்லி, சட்டென்று விரல்களை நீட்டுங்கள். ரப்பர் பேண்ட் மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் தாவிவிடும். கண்ணாடி முன் பத்து நிமிடம் பழகினால் போதும். "இன்னொரு தடவை" என்பாள். ஒரே ஒரு தடவை கூடச் செய்துவிட்டு, ரப்பர் பேண்டை அவள் கையில் கொடுத்துவிடுங்கள்.